பெட்டிக்குள் ஒரு பருவமழை

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளப்பான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வேலை கிடைக்காதவனுக்கும், பெண்ணுக்கு வரன் அமையாத தகப்பனுக்கும், வட்டி கட்ட வழியில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஊர் சொல்லும் முதல் ஆறுதல் அதுதான். சொல்பவர் யாரும் கல்லைப் பிளந்து பார்த்ததில்லை. தஞ்சாவூர்க்காரர் சொல்லும்போது வேடிக்கை இன்னும் கொஞ்சம் கூடும், ஏனென்றால் இங்கே பிளப்பதற்குக் கல்லே கிடையாது. பெரிய கோயிலின் கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்து வந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் வண்டியேறி வந்தவை. நாங்கள் தோண்டினால் வண்டல் வரும், களி வரும், அதற்கும் கீழே மணல் வரும்.

கர்நாடகத்துப் பேலூரில் கல்லுக்குள் இருந்த தவளை ஒரு கோயிலுக்கே பெயராகியிருக்கிறது. கப்பே சென்னிகராயர் கோயில். சிற்பி ஜக்கணாச்சாரி செதுக்கிய சிலையில் குறை இருக்கிறது என்று யாரோ ஒரு வாலிபன் சொல்கிறான். உடம்பெல்லாம் சந்தனம் பூசிப் பார்க்கிறார்கள். எல்லா இடமும் காய்கிறது, தொப்புளைச் சுற்றி மட்டும் ஈரம் நிற்கிறது. அங்கே உளி பட்டதும் தண்ணீரும் மணலும் ஒரு தவளையும் வெளியே வருகின்றன. வாலிபன் அவருடைய மகன் என்பது பிறகு தெரிகிறது. கட்டுக்கதைதான். ஆனால் அதைக் கட்டியவருக்குத் தவளையைத் தெரிந்திருக்கிறது. உள்ளே என்ன தின்றது என்று அவர் கவலைப்படவில்லை, தண்ணீர் வைக்க மறக்கவில்லை.

இதைக் கதையோடு விடாமல் சோதித்தே பார்த்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் சொல்லிக்கொடுத்த வில்லியம் பக்லண்ட். பாதிரியார், படிப்பாளி, உலகத்திலுள்ள மிருகங்களை எல்லாம் தின்று பார்த்துவிடுவது என்று இறங்கிய கிறுக்கரும்கூட. பாறையைப் பிளந்தபோது உயிரோடு தேரை குதித்தது என்று இங்கிலாந்தில் அப்போது அடிக்கடி செய்தி வந்துகொண்டிருந்தது. 1825 நவம்பரில் அவர் ஒரு சுண்ணாம்புப் பாறையிலும் ஒரு மணற்பாறையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு குழிகள் குடைந்து, குழிக்கு ஒரு தேரையை இறக்கி, கண்ணாடி வில்லை வைத்துப் பூசி, தன் தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். மறு வருஷம் டிசம்பரில் தோண்டினார். இறுகிய மணற்பாறைக்குள் ஒன்றுகூடத் தேறவில்லை. நுண்துளைகள் கொண்ட சுண்ணாம்புப் பாறையில் பெரிய தேரைகளில் பல பிழைத்திருந்தன. இரண்டுக்கு எடைகூடக் கூடியிருந்தது. அவற்றில் ஒன்றின் குழிக் கண்ணாடியில் விரிசல் இருந்தது, பூச்சி புகுந்திருக்கும் என்று எழுதினார். பிழைத்தவற்றைத் திரும்பவும் புதைத்தார். இரண்டாம் வருஷம் முடிவதற்குள் எல்லாம் செத்தன. நடுநடுவே மண்ணை விலக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். அவை தூங்கவில்லையாம், கண்ணைத் திறந்தபடியே இருந்தனவாம்.

அந்தத் திறந்த கண்கள் என்னைத் தொந்தரவு செய்கின்றன. எங்கள் வயலில் புதைந்து கிடப்பவை கண்ணை மூடிக்கொண்டிருக்கும்.

பங்குனி கடைசியில் உளுந்தும் பயறும் பிடுங்கி முடிந்தால் வயல் வெறுமையாகிவிடும். சித்திரை வெயிலில் களி பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை இறங்கும், விரல் நுனியில் ஒரு குளிர்ச்சி தட்டும். அந்தக் குளிர்ச்சிக்குப் பக்கத்தில் எங்கோதான் அவை இருக்கின்றன. கோடையில் வரப்பு வெட்டும்போது சில நேரம் மண்கட்டியோடு சேர்ந்து புரண்டு விழும். கால்கள் நான்கும் உள்ளே மடங்கி, தாடை தரையில் அழுந்தி, தோலும் மண்ணும் ஒரே நிறமாக. தொட்டால் உடனே அசையாது. வெகு நேரம் கழித்து ஒரு கண் மட்டும் மேலே எழும்பும். வேலை செய்கிற ஆள் அதை வெயிலில் விட்டுவிட மாட்டார். மண்வெட்டி நுனியால் நிழல்பக்கம் தள்ளி, மேலே ஒரு கட்டியை எடுத்து வைத்துவிட்டு, "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று அடுத்த வெட்டுக்குப் போய்விடுவார். இதற்கு ஜீவகாருண்யம் என்றெல்லாம் பெயர் வைத்தால் அவருக்கே சிரிப்பு வரும்.

இப்படிக் கிடப்பவற்றில் இரண்டு குட்டைத் தவளைகளை உயிரியல்காரர்கள் விசேஷமாகச் சொல்வார்கள். ஒன்று ஸ்பேரோதீக்கா என்கிற குழிபறிப்பான். இன்னொன்று யூபெரோடான், பயந்தால் உடம்பை ஊதிப் பந்தாகிவிடுவது, கறையானும் எறும்புமே ஆகாரம். இரண்டுக்கும் பின்னங்கால் பாதத்தில் மண்வாரிக் கரணை ஒன்று தடித்து நிற்கும். முன்னால் பார்த்தபடியே பின்பக்கமாகத் திருகித் திருகி மண்ணுக்குள் இறங்கும். கடைசியாக மறைவது முகம். மூத்திரப்பையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் தணித்துக்கொண்டு, மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு பெருமழை இறங்கிய இரவில் மேலே வந்து, கத்தி, சேர்ந்து, முட்டையிட்டு, சில நாளிலேயே மறுபடி கீழே போய்விடும். வாழ்நாளின் பெரும்பகுதி யாரும் அடைக்காத ஒரு அறைக்குள் கழிகிறது. இதைச் சிறை என்று நாம் சொல்வதில்லை, கதவு அதன் பின்னங்காலில் இருப்பதால்.

தம்பி மகன் சென்னையில் ஒரு அடுக்ககத்தின் ஏழாவது மாடியில் இரண்டு தவளைகளை வளர்க்கிறான். அர்ஜென்டினாவும் பராகுவேயும் சேரும் சாக்கோ சமவெளியைப் பூர்விகமாகக் கொண்ட கிரான்வெல் கொம்புத்தவளை. கடையில் பேக்மேன் தவளை என்றுதான் விற்கிறார்கள், பழைய வீடியோ கேமில் எதிரில் வருவதையெல்லாம் விழுங்கிக்கொண்டு போகும் மஞ்சள் வாய்க்கு உறவாக. உடம்பில் பாதி வாய்தான். கண்ணுக்கு மேலே சதை கூம்பி நிற்பதால் கொம்பு. இதன் பங்காளி ஒன்று அமேசான் காட்டுத் தரையில் சருகுக்குள் கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கும். தேடிப் போய்ப் பிடிக்கிற பழக்கம் இந்தக் குடும்பத்துக்கே கிடையாது. வாய்க்கு எதிரில் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆட்டம் பாட்டம் எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஒரே மாதத்தில் அலுத்து, வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவார்களாம். வளர்ப்பவர்கள் பேச்சில் இதற்கு ஒரு செல்லமான வசை உண்டு: உயிருள்ள கூழாங்கல்.

பெட்டி பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி, கம்பிவலை மூடி, உள்ளே சாண் உயரத்துக்குத் தென்னை நார்த்தூள். கோகோபீட் என்று செங்கல் அளவில் அழுத்தி விற்கும் கட்டியை வாளித் தண்ணீரில் போட்டால் பொங்கி வாளி நிறையும். உலகம் முழுக்க இப்படிக் கண்ணாடிப் பெட்டியில் வாழும் தவளைகளுக்கும் பல்லிகளுக்கும் தரை பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்தான் போகிறது. பொள்ளாச்சி அதில் பெரிய கை. எங்கள் ஜில்லாவிலும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நார் ஆலைகள் இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து அந்தப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்ததற்கு முன் மட்டை கொடுத்த மரம் எதுவோ, அதன் தூள் இன்று ஜெர்மனியில் ஏதோ ஒரு வரவேற்பறையில் அமேசான் காடாக வேஷம் போட்டுக்கொண்டிருக்கலாம்.

தூள் பிடித்தால் உதிரவும் கூடாது, பிழிந்தால் சொட்டவும் கூடாது, அதுதான் பதம் என்றான் பையன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், முறிக்கிற மருந்து சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும். காரணம், தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் உள்ள மெல்லிய தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. உட்கார்ந்திருக்கும் இடமே அதன் குடிநீர். தன் கழிவின் மேலேயே நாள்கணக்கில் உட்காரவிட்டால் அதையே உறிஞ்சி விறைத்துச் செத்துவிடும். இதைக் கேட்டபோது எனக்கு அந்த ஏழாவது மாடி மறந்துபோய் எங்கள் வாய்க்கால்தான் நினைவுக்கு வந்தது. குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுக்கும் அடித்த மருந்தெல்லாம் வடிகிற தண்ணீரில் உட்கார்ந்திருப்பவற்றுக்கு முறிவு மருந்து கலந்து தர ஆளில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள யாருமில்லை என்று பெட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அம்மா முற்றத்துத் தூணில் சாய்ந்தபடி நெடுநேரம் பார்த்தார்கள்.

"இதப் பாக்கவாடா இவ்ளோ தூரம் கார்ல தூக்கியாந்தே?"

"இது நம்ம ஊர்த் தவளை இல்ல அப்பாயி. அர்ஜென்டினா."

"ஏன், அங்க வயக்காடு இல்லியா?"

பையன் சிரித்தான். நீண்ட இடுக்கியால் ஒரு கரப்பானை எடுத்து, சுண்ணாம்புச்சத்துப் பொடியில் புரட்டி, தவளையின் மூக்குக்கு நேரே ஆட்டினான். கண்ணிமைக்கும் நேரத்தில் கரப்பானைக் காணோம். விழுங்கும்போது கண்கள் இரண்டும் மண்டைக்குள் அமுங்கி, தொண்டையை உள்ளிருந்து தள்ளிக்கொடுத்தன. அம்மாவுக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை.

"கத்துமா?"

"எப்பவாச்சும்தான் அப்பாயி."

"கத்தாத தவளைய வச்சுக்கிட்டு என்னடா பண்றது?"

அன்று மாலை தொட்டி கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றச் சொன்னார்கள். அவன் மாட்டேன் என்று பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்து, வெகுநேரம் கழித்துக் கழிவறையில் ஊற்றினான். பாட்டிக்குக் கோபம். அவன் செய்ததுதான் சரி. வளர்ப்புக்கும் ஆய்வுக்கும் என்று கண்டம் விட்டுக் கண்டம் போன தவளைகளோடு, தோலைத் தின்னும் கைட்ரிட் என்ற பூஞ்சையும் போயிருக்கிறது. 2019இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி அதனால் குறைந்துபோன நீர்நில வாழ்வன 501 இனம், அவற்றில் 90 இனம் அடியோடு போய்விட்டதாகக் கருதப்படுகிறது. தோலால் குடித்து, தோலால் மூச்சும் வாங்குகிற உயிருக்குத் தோல் நோய் வந்தால் வேறு என்ன மிஞ்சும்? வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து சொல்லுங்கள் என்று மத்திய அரசு 2020இல் கேட்டது, 2024இல் பட்டியலிலுள்ள இனங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. முருங்கை மரத்தடி எந்தப் பட்டியலிலும் வராது.

தஞ்சை ஜில்லாவுக்குத் தவளையை அடைத்துவைப்பது புதிதா என்ன? நான் விலங்கியல் படித்த நாளில் ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. மேலே கம்பிவலைச் சட்டம், ஓரத்தில் பாசி. செய்முறை வகுப்புக்கு முந்தின நாள் ஈரச்சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கொட்டுவார்கள். முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு உதவியாளர் கைவிட்டு அளைவார், இடுப்பைப் பிடித்துத் தூக்குவார், குளோரோஃபார்ம் ஜாடியில் போடுவார். அப்புறம் மெழுகுத் தட்டு, நான்கு காலுக்கும் குண்டூசி. இங்கெல்லாம் அறுபட்டது பெரும்பாலும் குளத்துப் பச்சைத் தவளை. 1834இல் லெஸ்ஸன் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரித் தவளையை வைத்து ஹெக்ஸாடாக்டைலா என்று பெயரிட்ட அதே இனம். அதன் தமனி சிரை அத்தனையும் எங்களுக்கு மனப்பாடம். கபால நரம்பு பத்தையும் தூக்கத்தில்கூடச் சொல்வோம். அது என்ன தின்னும் என்று கேட்டிருந்தால் பூச்சி என்றிருப்போம். வளர்ந்த பச்சைத் தவளை இலையும் நீர்த்தாவரமும் தின்கிறது, தவளை உலகில் அபூர்வமான சைவம் அது, என்று இந்திரனீல் தாஸ் 1996இல் விரிவாக எழுதினார். எங்கள் தொட்டிக்குள் யாரும் ஒரு பாசிக்கொடியைக்கூடப் போட்டதில்லை. அறுக்கப் போவதற்குச் சாப்பாடு எதற்கு என்பதாக இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் அறுவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014இல் நிறுத்தவே சொல்லிவிட்டது. இப்போது கணினித் திரையில் அறுக்கிறார்கள்.

சாக்குகள் கல்லூரிக்கு மட்டும் போகவில்லை. 1950களில் தொடங்கிய தவளைக்கால் ஏற்றுமதி எண்பதுகளின் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போனது. 1981இல் மட்டும் இந்தியா 4,000 டன்னுக்கு மேல் அனுப்பியது. ராத்திரியில் விளக்கோடு இறங்கினால் தன் வாயால் கெடும் நுணல் எங்கே இருக்கிறது என்று காதே காட்டிக்கொடுக்கும். தொடை இரண்டும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும், மிச்சம் குப்பைக்கு. தவளை போனதால் பூச்சி பெருகுகிறது, பூச்சிமருந்து இறக்குமதிக்குக் கொடுக்கும் காசைப் பார்த்தால் கால் விற்ற காசு ஒன்றுமே இல்லை என்று இயற்கைவாதிகள் மல்லுக்கு நின்றார்கள். 1987இல் அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. வியாபாரம் வங்கதேசத்துக்கும் இந்தோனேசியாவுக்கும் நகர்ந்தது.

தொட்டியும் சாக்கும் கொடுமை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. பையனின் கண்ணாடிப் பெட்டியைத்தான் என்னால் அவ்வளவு சுலபமாக எந்தப் பக்கமும் சேர்க்க முடியவில்லை. கிளிக்கூண்டைப் பார்த்தால் கிளிக்கு வானம் இல்லை என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஒன்றரை அடிக்கு மேல் நகர விரும்பாத உயிருக்கு ஒன்றரை அடி கொடுத்தால் எதைப் பறித்ததாகக் கணக்கு? காட்டில் இருந்தால் பாம்போ கொக்கோ எப்போதோ முடித்திருக்கும். பெட்டியில் பத்து வருஷத்துக்கு மேல் தாண்டுகிறது. இடத்தைப் பறிக்காமலும் பறிக்க முடியும் என்பதற்குத் தென்னமெரிக்க விஷத்தவளைகள் சாட்சி. மழைக்காட்டுத் தரையில் கட்டைவிரல் அளவில் நீலமும் மஞ்சளுமாகத் திரிபவை. கொலம்பியப் பழங்குடிகள் ஒருசில இனங்களின் தோலில் ஊதுகுழல் அம்பைத் தேய்த்து வேட்டைக்குப் போனார்கள். அந்தத் தவளையே பெட்டியில் பிறந்து, ஈயும் சிறு பூச்சியும் தின்று வளர்ந்தால் சொட்டு விஷம் இருக்காது. விஷம் அதன் சொந்தச் சரக்கு இல்லை, காட்டில் தின்னும் எறும்பிலிருந்தும் சிற்றுண்ணியிலிருந்தும் வந்து தோலில் சேர்வது. நிறம் அப்படியே இருக்கும், 'தொட்டால் செத்தாய்' என்ற மிரட்டலும் அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றுமிருக்காது.

கொம்புத்தவளை இழப்பது வேறு. சாக்கோவில் வருஷத்தின் நீண்ட பகுதி வறட்சி. தரை காயும்போது அது மண்ணுக்குள் இறங்கி, உரிந்த தோலைக் களையாமல் அடுக்கடுக்காக உடம்பைச் சுற்றிப் போர்வையாக்கிக்கொண்டு கிடக்கும். முதல் மழையில் போர்வையைக் கிழித்து, பெரும்பாலும் அதையே தின்றுவிட்டு, வெளியே வந்து துணை தேடும். பெட்டியில் வருஷம் முழுவதும் ஒரே ஈரம், ஒரே சூடு, வாரந்தோறும் சாப்பாடு. வறட்சி இல்லாததால் மழையும் இல்லை. கொழுக்கும், வாழும், ஜோடியாகவே இருந்தாலும் இனம் பெருகாது.

இனம் பெருக்க விரும்புகிறவர்கள் அதற்கு மழை செய்கிறார்கள். முதலில் பஞ்சம். ஆகாரத்தைக் குறைத்து, சூட்டைத் தணித்து, நார்த்தூளை மெல்ல மெல்லக் காயவிட்டுச் சில வாரம் பட்டினிபோட்டுக் கிடத்துவார்கள். பிறகு பெரிய தொட்டியில் நாலு விரல் உயரம் தண்ணீர் விட்டு, மேலே துளையிட்ட குழாயைக் கட்டி, சிறு மோட்டாரால் அந்தத் தண்ணீரையே ஏற்றி ஏற்றிப் பொழியவிடுவார்கள். ராத்திரி முழுக்க, சில நேரம் நாள்கணக்கில். மழைக்கூடம் என்று பெயர். நினைத்தபடி நடந்தால் ஆண் கத்தும், பெண் வரும். நடக்காதபோது ஹார்மோன் ஊசி போட்டு முட்டையை வரவழைக்கிறவர்களும் உண்டு. ஆப்பிரிக்க நகத்தவளைக்குக் கர்ப்பிணியின் சிறுநீரை ஊசியில் ஏற்றி, முட்டையிட்டால் கர்ப்பம் உறுதி என்று 1930களிலிருந்து 1960கள் வரை ஆஸ்பத்திரிகளில் சோதித்ததும் இதே உடம்புச் சூத்திரத்தை வைத்துத்தான். ஊசி எனக்குப் பிடிக்கவில்லை. மழைக்கூடத்தில் குறைந்தபட்சம் தவளையின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மழைக்கூடத்தை அப்படியே தலைகீழாகப் புரட்டிய ஒரு சடங்கு எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் இருக்கிறது. மழை பொய்த்தால் தெலுங்கு நாட்டுக் காப்புப் பெண்கள் ஒரு தவளையைப் பிடித்து, புது மூங்கில் முறத்தில் உயிரோடு கட்டி, வேப்பிலை பரப்பி, பாடிக்கொண்டே வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரி வாசலுக்கு வந்து தவளைமேல் தண்ணீர் ஊற்றிப் பிச்சையும் போடுவாள். இங்கே எங்கள் பக்கத்தில் மழைக்குக் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள், தவளைக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கே வானத்தை ஏமாற்றத் தவளையை நனைக்கிறார்கள். அடுக்ககத்தில் தவளையை ஏமாற்ற வானத்தைச் செய்கிறார்கள். இரண்டிலும் கட்டுண்டு கிடப்பது ஒரே ஆள்.

செயற்கை மழை இதையெல்லாம்விடப் பெரிய அளவில் நடந்த இடம் டான்சானியாவின் கிஹான்சி பள்ளத்தாக்கு. அருவி விழுந்து தெறிக்கும் சாரலில், இரண்டு ஹெக்டேர் அளவுப் பாசிச் சரிவில் மட்டும் ஒரு குட்டித் தேரை வாழ்ந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, முட்டையிடாமல் குட்டியாகவே ஈனுவது. 1996இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. தெரிந்த வேளையில் மேலே மின்சாரத்துக்காக அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். 2000இல் அணை இயங்கத் தொடங்கியதும் ஆற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் குழாய்க்குள் திரும்பியது, சாரல் நின்றது. அந்த வருஷக் கடைசியில் 499 தேரைகளைப் பிடித்து அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றினார்கள், நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலைக்குப் பொறுப்பு. பள்ளத்தாக்கில் மிஞ்சியவற்றுக்காகப் பாறையெங்கும் குழாய் இழுத்துத் தெளிப்பான் வைத்தார்கள். அதையும் மீறி 2009இல் அந்த இனம் காட்டில் இல்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. கண்ணாடிக்குள்ளும் முதலில் மடமடவென்று செத்து, ஒரு கட்டத்தில் நூற்றுக்கும் கீழே போய், தண்ணீரின் தரமும் விளக்கின் கதிரும் பிடிபட்ட பிறகு ஆயிரக்கணக்கில் பெருகின. 2012இல் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். எங்கே? தெளிப்பான் வைத்த அதே சரிவில். மோட்டாரின் கைங்கரியத்தில் தெறிக்கும் சாரலில். விடுதலை ஆன இடத்துக்கும் ஒரு வால்வு உண்டு.

மேட்டூரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா? 1934இல் அணை வந்ததிலிருந்து டெல்டாவுக்கு மழைக்காலம் அணை திறக்கும் ஜூன் 12 என்று ஒரு தேதியானது. ஆடிப்பெருக்கு ஆற்றின் குணத்தைப் பொறுத்திருந்த காலம் போய், அணையின் அடிக்கணக்கைப் பொறுத்ததாயிற்று. எட்டு வருஷம் தவறிப்போன அந்தத் தேதி 2020இல்தான் திரும்பக் கிடைத்தது. 2024இல் மறுபடி தவறி, ஜூலை 28க்குப் போயிற்று. தேதி தவறினால் குறுவைக்கு ஆழ்துளைக் கிணறுதான். மோட்டார் வைத்திருப்பவன் விதைப்பான், மற்றவன் வானத்தையும் செய்தித்தாளையும் பார்த்துக்கொண்டிருப்பான். பாசனம் அடைப்பு மாறி மாறி வந்தாலும் வாய்க்கால் தவளைக்கு அதெல்லாம் கவலையில்லை. மதகு திறந்த ராத்திரியே மிதந்துகொண்டு கத்தத் தொடங்கிவிடும். எந்தத் தண்ணீராக இருந்தாலும் அதற்குத் தண்ணீர்தான்.

ஊதுகிற தவளை அப்படி ஏமாறாது. முறை வைத்து விடும் தண்ணீர் தலைக்கு மேலே வந்து நின்றாலும், கத்துவதற்கு அது கேட்பது வானத்திலிருந்து விழுகிற மழையை. மேட்டூர் இயங்கத் தொடங்கித் தொண்ணூறு வருஷம் ஆன பிறகும் அரசாணைக்கு அடங்காத ஒரு குடி அது மட்டும்தான் என்று தோன்றும். எங்கள் ஊரில் வயசானவர்கள் நடவுக்கு நாள் பார்க்கையில் பஞ்சாங்கத்தோடு அதன் சத்தத்தையும் கேட்டார்கள். கொட்டுகிற மழையில் கொல்லைப் பள்ளத்திலிருந்து அடைத்த தொண்டையில் ஒரே சீராக வரும் முக்கலைக் கேட்டுவிட்டால், இது சும்மா வந்துபோகும் மழை இல்லை என்பார்கள். அம்மா கேட்ட 'கத்துமா' என்பதற்கு அர்த்தம் அதுதான் என்று பையனுக்கு நான் போனில் சொன்னேன்.

அவன் போன ஐப்பசியிலிருந்து மழைக்கூடம் கட்டிக்கொண்டிருக்கிறான். பட்டினி போட்டான், காயவிட்டான், குழாய் மாட்டி ராத்திரி முழுக்கப் பொழியவிட்டான். ஆண் தவளை கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் மோட்டார் சத்தத்துக்கு எழுந்து வந்து கத்தினாராம்.

"தண்ணி மட்டும் போதாது போலருக்கு பெரியப்பா. நம்ம ஊர்ல பெரிய மழைக்கு முன்னாடி வேற என்னென்ன மாறும்?"

நினைத்துப் பார்த்துச் சொன்னேன். காற்று நின்றுபோய்ப் புழுங்கும். உப்பு ஜாடி கசியும். ஈசல் புறப்படும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறும். முழங்கால் வலிக்காரர்கள் முனகுவார்கள்.

"அதெல்லாம் காத்தழுத்தம் பெரியப்பா. அதைத்தான் பெட்டிக்குள்ள கொண்டுவர முடியாது."

வெளிநாட்டில் அனுபவப்பட்டவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்களாம். எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, நிஜமாகவே ஒரு புயல் பக்கத்தில் வருகிற வரை காத்திருந்து, வெளியே அழுத்தம் இறங்கும்போது உள்ளே குழாயைத் திறப்பது. கண்ணாடி தண்ணீரைத் தடுக்கும், அழுத்தத்தைத் தடுக்காது. அதனால் அர்ஜென்டினாத் தவளை இரண்டும் இப்போது சென்னைப் பெருங்குடியில் அரைப் பட்டினியில் காய்ந்த நார்த்தூளுக்குள் இறங்கிவிட்டன. வானிலை மையத்தின் அறிக்கையை நான்கூட இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை, அவன் படிக்கிறான். அந்தமானுக்குத் தெற்கே ஒரு சுழற்சி என்று வந்தாலே தகவல் அனுப்புகிறான். நேற்று ராத்திரி கூப்பிட்டு, "நாகப்பட்டினத்துல புயல் கூண்டு ஏத்துனாங்கன்னா ஒடனே சொல்லுங்க பெரியப்பா, டிவி லேட்டாத்தான் சொல்லுவான்" என்றான். சரி என்றிருக்கிறேன்.